ஐ5 எப்படி ஐ7-ஐ முந்துகிறது? பிராசஸர் ஒப்பீட்டின் அரிச்சுவடி

இன்டெல்லின் இரண்டு லேப்டாப் பிராசஸர்களை எடுத்துக்கொள்வோம்: கோர் ஐ7-1255யூ, கோர் ஐ5-12450எச். இரண்டும் 2022-இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டவை, இரண்டும் 12ஆம் தலைமுறை. ஐ7-இல் 10 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), ஐ5-இல் 8. ஐ7-இன் உச்ச வேகம் 4.7 ஜிகாஹெர்ட்ஸ், ஐ5-க்கு 4.4. த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைத்தொடர், இரண்டிலும் 12; கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம், இரண்டிலும் 12 எம்பி. கடையில் லேப்டாப் பக்கத்தில் வைத்திருக்கும் அட்டையைப் பார்த்தால் எந்த வரியிலும் ஐ5 ஜெயிக்கவில்லை, பெயரிலும் ஏழுதான் பெரிது. ஆனால் இரண்டிலும் பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரைத் திறந்து, ஒரே காட்சியை, கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லாமல் பிராசஸரை மட்டும் வைத்து ரெண்டர் செய்ய, அதாவது கணக்கிட்டுப் படமாக்க, கொடுத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். பெரும்பாலும் ஐ5தான் முன்னால் போயிருக்கும், அதுவும் மயிரிழையில் அல்ல.

இது எப்படி என்று புரிந்துவிட்டால், எந்த இரண்டு பிராசஸர்களைக் கையில் கொடுத்தாலும் உங்களால் ஓரளவு ஒப்பிட்டுவிட முடியும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடப்போகிறது, நடுவில் கொஞ்சம் வேறு ஊர்களையும் சுற்றிவிட்டு வரலாம்.

முதலில் 'வேகம்' என்று எதைச் சொல்கிறோம்? அட்டையில் இருக்கும் ஜிகாஹெர்ட்ஸை அல்ல, கோர் எண்ணிக்கையை அல்ல, யாரோ போட்ட மதிப்பெண்ணையும் அல்ல. ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அவ்வளவுதான். மற்ற எண்கள் எல்லாம் இந்த நேரத்தை முன்கூட்டியே ஊகிக்க நாம் வைத்திருக்கும் குறிப்புகள். சில குறிப்புகள் நல்லவை, சில நம்மை ஏமாற்றுபவை.

அந்த நேரத்தை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. வேலையை முடிக்க பிராசஸர் மொத்தம் எத்தனை கட்டளைகளைச் செய்ய வேண்டும், ஒரு கடிகாரத் துடிப்பில் சராசரியாக எத்தனை கட்டளைகளை முடிக்கிறது, ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்புகள். ஜிகாஹெர்ட்ஸ் என்பது கடைசி எண் மட்டும்தான்: 1 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடி துடிப்பு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வேலைக்கு 1000 கோடி கட்டளைகள் தேவை என்று வையுங்கள். முதல் பிராசஸர் 4.7 ஜிகாஹெர்ட்ஸ், துடிப்புக்கு 2 கட்டளை. அப்படியானால் விநாடிக்கு 940 கோடி கட்டளை, வேலை முடிய ஏறக்குறைய 1.06 விநாடி. இரண்டாவது 4 ஜிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் துடிப்புக்கு 3 கட்டளை. விநாடிக்கு 1200 கோடி, 0.83 விநாடியில் வேலை முடிந்துவிட்டது. ஜிகாஹெர்ட்ஸ் குறைந்த பிராசஸர் ஜெயித்துவிட்டது. துடிப்புக்கு எத்தனை கட்டளை என்ற இந்த நடு எண்ணை ஐபிசி என்பார்கள், இதைத்தான் எந்தக் கடை அட்டையிலும் போடுவதில்லை. போடவும் முடியாது, ஏனென்றால் அது வேலைக்கு வேலை மாறும். ஒரே பிராசஸர் ஒரு புரோகிராமில் 3 காட்டும், இன்னொன்றில் 1-ஐக்கூடத் தொடாது.

ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே வேகம் என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. 2000 மார்ச்சில் இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் அத்லான் பிராசஸரில் 1 ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டது, இரண்டே நாளில் இன்டெல்லும் தன் பென்டியம் 3-இல் 1 ஜிகாஹெர்ட்ஸ் என்று அறிவித்தது. அந்த ஓட்டத்தின் உச்சம்தான் அதே ஆண்டு நவம்பரில் வந்த பென்டியம் 4. அதன் வடிவமைப்பே ஜிகாஹெர்ட்ஸை ஏற்றுவதற்காகத்தான்: ஒவ்வொரு கட்டளையையும் 20 சின்னச் சின்னப் படிகளாக உடைத்தார்கள், பென்டியம் 3-இல் இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. படி சின்னதானால் ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரம் குறையும், துடிப்பை வேகப்படுத்தலாம். ஆனால் அடுத்து புரோகிராம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பிராசஸர் ஊகித்தபடியேதான் ஓடுகிறது, ஊகம் தப்பினால் பாதி வழியில் இருக்கும் கட்டளைகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்; படிகள் அதிகமானால் அந்த இழப்பும் அதிகம். விளைவு, முதலில் வந்த 1.4, 1.5 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சில சோதனைகளில் 1 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-இடமே தோற்றது. சொந்த அண்ணனிடமே!

ஏஎம்டிக்கு வேறு தலைவலி. அவர்களுடைய அத்லான் எக்ஸ்பி ஒரு துடிப்பில் அதிக வேலை செய்தது, ஆனால் ஜிகாஹெர்ட்ஸ் குறைவு, அட்டையைப் பார்த்து வாங்குகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் 2001 அக்டோபரில் ஒரு தந்திரம் செய்தார்கள்: 1.53 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸருக்கு 'அத்லான் எக்ஸ்பி 1800+' என்று பெயர் வைத்தார்கள். எண்ணைப் பார்த்தால் 1800 மெகாஹெர்ட்ஸ் என்று தோன்றும். தந்திரம்தான், ஆனாலும் உண்மை நிலைக்கு ஜிகாஹெர்ட்ஸைவிட அந்தப் பெயர்தான் நெருக்கமாக இருந்தது என்பது என் கருத்து. இன்டெல் விடாமல் 2004-இல் படிகளை 31 ஆக்கியது, சூடு தாங்கவில்லை, 4 ஜிகாஹெர்ட்ஸ் மாடல் வெளிவராமலே கைவிடப்பட்டது, பென்டியம் 4 கடைசிவரை 3.8-ஐத் தாண்டவில்லை. 2006-இல் இன்டெல்லே அந்த வழியை விட்டுவிட்டு கோர் 2 டுவோவைக் கொண்டுவந்தது; 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ, 3.8 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ சர்வ சாதாரணமாக முந்தியது.

ஆகவே, ஜிகாஹெர்ட்ஸை எப்போது ஒப்பிடலாம்? இரண்டு பிராசஸர்களும் உள்ளே ஒரே வடிவமைப்பாக இருந்தால் ஒப்பிடலாம். இல்லாவிட்டால் அந்த எண்ணை மூடிவிட்டு மேலே படியுங்கள்.

ஆனால் ஒரே வடிவமைப்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயரை நம்பி அல்ல. ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, ரைசன் 5 7540யூ மூன்றையும் பாருங்கள், கேட்டால் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 7520யூ உள்ளே ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு, கோர் நான்குதான். 7530யூ ஜென் 3, ஆறு கோர். 7540யூ ஜென் 4. அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது, முதல் இலக்கம் எந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. பழைய சரக்குக்குப் புதுப் பெயர். இது சட்டப்படி தவறில்லை, விவரத்தாளில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, ஆனால் யார் படிக்கிறார்கள்? அதனால் 'ரைசன் 5 லேப்டாப்', 'ஐ7 லேப்டாப்' என்று யாராவது சொன்னால் முழு மாடல் எண்ணைக் கேளுங்கள், கடைசி எழுத்தோடு சேர்த்து. அது இல்லாமல் எந்த ஒப்பீடும் தொடங்காது.

சரி, கோர்களுக்கு வருவோம். ஐ7-1255யூ-வின் 10 கோரும் ஒரே மாதிரியானவை அல்ல. 2 பெரிய கோர், 8 சிறிய கோர். ஐ5-12450எச்-இல் 4 பெரியது, 4 சிறியது. பெரிய கோர் வேகமானது, ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்களை ஓட்டும். சிறியது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கும் குறைந்த இடத்தில் அதிகக் கோர்களை அடைப்பதற்கும், ஒரு பெரிய கோர் எடுக்கும் இடத்தில் ஏறக்குறைய நான்கு சிறியவற்றை வைத்துவிடலாம், ஒவ்வொன்றும் ஒரே த்ரெட். கூட்டிப் பாருங்கள்: 2×2+8, 4×2+4, இரண்டும் 12. இப்போது அட்டையில் '12 த்ரெட்' என்று இரண்டிலும் ஒரே மாதிரி எழுதியிருப்பதன் பின்னால் எவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். கோர்களை எண்ணுவது பத்து ரூபாய் நோட்டையும் நூறு ரூபாய் நோட்டையும் சேர்த்து 'என்னிடம் பத்து நோட்டு இருக்கிறது' என்று சொல்வதைப் போன்றது.

எல்லாக் கோரும் பெரியதாகவே இருந்தாலும் எண்ணிக்கை இரட்டிப்பானால் வேகம் இரட்டிப்பாகாது. ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன கணக்கு இது, அம்டால் விதி என்றே பெயர். ஒரு வேலை ஒரே கோரில் 100 நிமிடம் எடுக்கிறது, அதில் 80 நிமிட வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியும், 20 நிமிட வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்று வையுங்கள். 8 கோர் போட்டால் 20+10, மொத்தம் 30 நிமிடம். நல்ல முன்னேற்றம். 16 கோர் போட்டால்? 20+5, 25 நிமிடம். இன்னும் எட்டு கோருக்குக் காசு கொடுத்து ஐந்து நிமிடம்தான் மிச்சம். ஆயிரம் கோர் போட்டாலும் 20 நிமிடத்துக்குக் கீழே போகாது.

எந்த வேலை எவ்வளவு பிரியும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம்தான். 3டி ரெண்டரிங் ஏறக்குறைய முழுசாகப் பிரியும், ஏனென்றால் படத்தின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். பெரிய சாஃப்ட்வேரை கம்பைல் செய்வது, அதாவது எழுதிய புரோகிராமை பிராசஸருக்கான கட்டளைகளாக மாற்றுவது, நன்றாகப் பிரியும். பிரவுசரில் ஒரு பக்கம் திறப்பது, எக்ஸெலில் ஒரு நீண்ட ஃபார்முலா, பெரும்பாலான அலுவலக வேலைகள், இவை அவ்வளவாகப் பிரியாது; அங்கே ஒரே ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் உங்கள் விரலுக்குத் தெரியும். அந்த மாதிரி சிறு வேலைகளில் நம் ஐ7-1255யூ, ஐ5-க்குச் சமமாக ஓடும், சில சமயம் ஒரு மயிரிழை முந்தவும் செய்யும். 4.7 ஜிகாஹெர்ட்ஸ், 4.4 என்ற வித்தியாசம் இங்கே செல்லும், ஏனென்றால் இரண்டும் ஒரே வடிவமைப்பு. பிறகு ஏன் ரெண்டரில் மட்டும் பின்தங்குகிறது என்றால், பெரிய கோர் இரண்டுதான் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி மின்சாரம்.

ஐ7-இன் பெயரில் கடைசியில் இருக்கும் 'யூ' என்ற எழுத்தைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும். 'யூ' என்றால் மெல்லிய லேப்டாப்புக்கானது, நீண்ட நேரம் ஓடும்போது 15 வாட் என்பது அடிப்படைக் கணக்கு. ஐ5-இன் 'எச்' என்றால் 45 வாட். குறுகிய நேரத்துக்கு ஐ7 55 வாட் வரை இழுத்துக்கொள்ளலாம், ஐ5 95 வாட் வரை. 4.7 ஜிகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்டிருப்பது இந்தக் குறுகிய நேரத்து வேகம், அதுவும் ஒன்றிரண்டு பெரிய கோர்களுக்கு மட்டும். வேலை நீண்டால், எல்லாக் கோர்களும் ஓட ஆரம்பித்தால், சில பத்து விநாடிகளில் பிராசஸர் தன் அடிப்படை வாட்டை நோக்கி இறங்கிவிடும், ஜிகாஹெர்ட்ஸ் சரியும். அப்போது 10 கோரும் சேர்ந்து 15 வாட்டைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து மேசையில் 8 கோர் 45 வாட்டோடு ஓடிக்கொண்டிருக்கும். ஐ5 முந்தியதற்கு விடை இதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வாட் எல்லையை லேப்டாப் தயாரிப்பவர் மாற்றி அமைக்கலாம். ஒரே ஐ7-1255யூ ஒரு லேப்டாப்பில் 15 வாட்டிலும், நல்ல ஃபேன் வைத்த இன்னொன்றில் அதைவிடக் கணிசமாக மேலேயும் ஓடும். அதனால் லேப்டாப்பைப் பொறுத்தவரை நீங்கள் ஒப்பிடுவது இரண்டு பிராசஸர்களை அல்ல, இரண்டு லேப்டாப்களை. ஆப்பிளின் எம்1 பிராசஸர் இதற்குச் சுத்தமான உதாரணம். 2020 நவம்பரில் மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ இரண்டிலும் எம்1 வந்தது, ப்ரோவில் ஃபேன் உண்டு, ஏரில் கிடையாது. சின்ன வேலைகளில் இரண்டும் சமம். பல நிமிடங்கள் முழு மூச்சில் ஓடவிட்டால் ஏர் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ப்ரோ அப்படியே போய்க்கொண்டிருக்கும். பிராசஸரின் பெயரை மட்டும் வைத்து அட்டவணை போடும் தளங்கள் இந்த விஷயத்தை முழுசாக மறைத்துவிடுகின்றன. பேட்டரியில் ஓடும்போது வேகம் குறைக்கும் லேப்டாப்களும் நிறைய, அதையும் மனதில் வையுங்கள்.

எச்-ஐ ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம். ஐ7-1255யூ-வில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் 96 அலகுகள், ஐ5-12450எச்-இல் 48தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இரண்டு லேப்டாப்களில் கேம் ஓட்டினால் முடிவு தலைகீழாகலாம், அதுவும் ரேம் இரண்டு குச்சியாக இரண்டு சேனலில், அதாவது தகவல் போக இரண்டு பாதைகளோடு, இருந்தால். ஒரே குச்சி போட்டுக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குப் பாதித் தீனிதான் கிடைக்கும். லேசான வேலைகளில் பேட்டரி நீடிப்பதும் வழக்கமாக 'யூ' பக்கம்தான். நாள் முழுக்கக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய் குறிப்பெடுக்கிற ஒருவருக்கு நான் ஐ7-1255யூ-வைத்தான் சொல்வேன், பிளெண்டர் கற்றுக்கொள்கிறவருக்கு ஐ5-ஐ.

அட்டையில் யாரும் கவனிக்காத வரி ஒன்று இருக்கிறது, கேஷ். பிராசஸருக்கு ஒரு தகவல் வேண்டும், அது ரேமில் இருக்கிறது என்றால், போய் எடுத்து வர 80 நானோ விநாடி ஆகிறது என்று வையுங்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 4.5 ஜிகாஹெர்ட்ஸில் அந்த நேரத்துக்குள் 360 துடிப்புகள் கடந்துவிடும். அத்தனை துடிப்பும் அந்தத் தகவலுக்காகக் கை கட்டிக் காத்திருப்பதில் போகலாம். அதனால்தான் அடிக்கடி தேவைப்படுவதை சிப்புக்குள்ளேயே கேஷில் வைத்துக்கொள்கிறார்கள்.

இதை அப்படியே சோதனைக்கூடத்தில் செய்து காட்டியதுபோல ஏஎம்டி இரண்டு பிராசஸர்களை விற்றது. ரைசன் 7 5800எக்ஸ், 2020-இல் வந்தது: 8 கோர், 4.7 ஜிகாஹெர்ட்ஸ், 32 எம்பி எல்3 கேஷ் (கோர்கள் பகிர்ந்துகொள்ளும் பெரிய கேஷ்). 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி: அதே 8 கோர், அதே ஜென் 3, ஜிகாஹெர்ட்ஸ் 4.5 ஆகக் குறைவு, ஆனால் சிப்பின் மேலேயே இன்னொரு அடுக்கு கேஷை ஒட்டி 96 எம்பி ஆக்கிவிட்டார்கள். ரெண்டரிங்கில் 5800எக்ஸ் ஜெயிக்கும், அந்த வேலைக்குத் தேவையான தகவல் பெரும்பாலும் 32 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது, கூடுதல் கேஷ் சும்மா கிடக்கிறது, ஜிகாஹெர்ட்ஸ் குறைந்ததுதான் மிச்சம். கேம்களில் பலவற்றில் எக்ஸ்3டி தெளிவாக முந்தும், ஏனென்றால் கேம் என்பது ஆயிரக்கணக்கான பொருட்களைப் பற்றிய சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தேடித் தேடி எடுக்கும் வேலை. இப்போது சொல்லுங்கள், இந்த இரண்டில் எது வேகமான பிராசஸர்? என்ன வேலைக்கு என்று நீங்கள் சொல்லாதவரை இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

இப்படியிருக்க, எல்லா வேலையையும் நாமே ஓட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பெஞ்ச்மார்க். சினிபெஞ்ச் ஒரு 3டி காட்சியை ரெண்டர் செய்து மதிப்பெண் போடும். ஒரே கோருக்கு ஒன்று, எல்லாக் கோருக்கும் சேர்த்து ஒன்று. ரெண்டரிங் உங்கள் தொழில் என்றால் அது அருமையான அளவுகோல், கேமுக்கு அதை நம்பினால் 5800எக்ஸ் கதைதான். கீக்பெஞ்ச் சின்னச் சின்ன வேலைகள் பலவற்றை ஓட்டும், சீக்கிரம் முடிந்துவிடும், அதனாலேயே லேப்டாப் சூடான பிறகு என்ன ஆகும் என்பதை அவ்வளவாகக் காட்டாது. கீக்பெஞ்ச் 6-இல் இன்டெல் கோர் ஐ7-12700-ஐ 2500 புள்ளி என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுகிறார்கள். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று: சினிபெஞ்ச் ஆர்23-இன் எண்ணையும் சினிபெஞ்ச் 2024-இன் எண்ணையும் பக்கத்தில் வைக்கக் கூடாது, கீக்பெஞ்ச் 5, 6 இரண்டையும் அப்படித்தான். பதிப்பு மாறினால் அளவுகோலே மாறிவிட்டது.

தொழில்முறையில் பெரிய பெயர் ஸ்பெக். 1988-இல் கம்ப்யூட்டர் நிறுவனங்களே சேர்ந்து தொடங்கிய அமைப்பு. அவர்களுடைய சிபியு 2017 தொகுப்பில் 43 சோதனைகள், எல்லாமே உண்மையான புரோகிராம்களிலிருந்து எடுத்தவை: சி கம்பைலர், பெர்ல், வீடியோ சுருக்குவது, செஸ், கோ விளையாட்டு, பிளெண்டர்கூட உண்டு. இரண்டு விதமாக அளக்கிறார்கள், ஒரு வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று ஒன்று, ஒரே நேரத்தில் பல பிரதிகளை ஓட்டினால் மொத்தம் எவ்வளவு வேலை நடக்கிறது என்று இன்னொன்று. லேப்டாப் வாங்குகிற நமக்கு முதலாவதுதான் உறைக்கும், ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லும் சர்வர் வாங்குகிறவருக்கு இரண்டாவது.

மதிப்பெண் இருக்கிற இடத்தில் காப்பி அடிப்பதும் இருக்கும். ஸ்பெக்கின் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்ற சோதனைக்காகவே கம்பைலர்களைத் தீட்டி மதிப்பெண்ணைப் பல மடங்கு ஏற்றினார்கள், அடுத்த தொகுப்பில் அந்தச் சோதனையையே தூக்கிவிட்டார்கள். 2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகையில், குறிப்பிட்ட பெஞ்ச்மார்க் செயலிகள் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் 533 மெகாஹெர்ட்ஸுக்குப் போகிறது, கேம்களுக்கு 480தான் என்று கண்டுபிடித்தார்கள். 2024-இல் ஸ்பெக் இன்டெல் பிராசஸர்களின் 2600-க்கும் மேற்பட்ட முடிவுகளில், கம்பைலர் ஒரு குறிப்பிட்ட சோதனையை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு அதற்கென்று வேலை செய்திருக்கிறது என்று குறிப்பு எழுதி ஒதுக்கியது. காப்பி அடிக்காமலே ஏமாற்றவும் வழி உண்டு, எந்தச் சோதனையில் தான் ஜெயிக்கிறதோ அதை மட்டும் மேடையில் காட்டுவது. 2001-இல் ஆப்பிள் தன் மேக்கில் இருந்த 867 மெகாஹெர்ட்ஸ் ஜி4 பிராசஸரை 1.7 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-உடன் மோதவிட்டு ஜெயித்துக் காட்டியது, மெகாஹெர்ட்ஸ் ஒரு மாயை என்று பாடமும் எடுத்தது. பாடம் என்னவோ சரிதான். ஆனால் அவர்கள் ஓட்டியது தேர்ந்தெடுத்த போட்டோஷாப் வேலைகளை. தயாரிப்பாளர் வெளியிடும் வரைபடத்தை நான் படிக்கிற விதம்: இதில் இல்லாத சோதனை எது?

இனி சதவீதம். ஒரு பிராசஸர் 100 விநாடி எடுக்கும் வேலையை இன்னொன்று 80 விநாடியில் முடித்தால் 20 சதவீதம் நேரம் மிச்சம், ஆனால் 25 சதவீதம் வேகம். இரண்டும் சரி, விற்கிறவர் பெரிய எண்ணைச் சொல்வார். இதைவிடப் பெரிய பொறி சராசரி. முதல் வேலையில் அ-வுக்கு 10 விநாடி, ஆ-வுக்கு 5. இரண்டாவது வேலையில் அ-வுக்கு 5, ஆ-வுக்கு 10. கண்ணால் பார்த்தாலே சமம். இப்போது அ-வை 1 என்று வைத்துக்கொண்டு ஆ-வின் வேகத்தைக் கணக்கிடுங்கள்: முதலில் 2 மடங்கு, அடுத்து 0.5 மடங்கு, கூட்டிப் பாதியாக்கினால் 1.25. அட, ஆ 25 சதவீதம் வேகம்! ஆ-வை 1 என்று வைத்துச் செய்தால் அதே கணக்கில் அ 25 சதவீதம் வேகம். ஒரே தரவு, இரண்டு பேருக்கும் வெற்றி. இதனால்தான் ஸ்பெக் பெருக்கல் சராசரி போடுகிறது: விகிதங்களைப் பெருக்கி மூலம் எடுப்பது. 2×0.5 என்றால் 1, அதன் வர்க்கமூலமும் 1, சமம் என்ற உண்மை வெளியே வந்துவிடுகிறது. ஆனாலும் எந்தச் சராசரியும் உங்கள் வேலையை அறியாது, அதனால் முடிந்தவரை சராசரியை விட்டுவிட்டு உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒரு சோதனையின் எண்ணை மட்டும் பாருங்கள். 3 சதவீதம், 4 சதவீதம் என்ற வித்தியாசத்துக்கெல்லாம் மண்டையை உடைக்க வேண்டாம், ஒரே லேப்டாப்பை இரண்டு முறை ஓட்டினாலே சில சமயம் அவ்வளவு மாறும்.

கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. விமர்சகர்கள் பிராசஸரைச் சோதிக்கும்போது மிகப் பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, திரைத் தெளிவை 1080பி அல்லது அதற்கும் கீழே வைப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு தடையாக இருக்கக் கூடாது, பிராசஸர்களின் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. உங்கள் வீட்டில் நடுத்தரக் கார்டும் 4கே திரையும் இருந்தால் அந்த வரைபடத்தில் பார்த்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போய்விடும், ஏனென்றால் இரண்டு பிராசஸர்களுமே கார்டுக்காகக் காத்திருக்கும். அங்கே பணத்தைப் பிராசஸரில் போடாமல் கார்டில் போடுங்கள்.

இரண்டு கம்ப்யூட்டர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், உதாரணமாக அலுவலகத்தில் பழையதும் புதியதும், நீங்களே சோதித்துப் பார்ப்பதுதான் சிறந்தது. நீங்கள் உண்மையில் தினமும் செய்கிற வேலையை எடுங்கள், அதே ஃபைல், அதே சாஃப்ட்வேர் பதிப்பு, இரண்டும் சார்ஜரில், பவர் மோட் இரண்டிலும் ஒன்றாக. அப்டேட் பின்னால் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள், அப்போது ஃபைலை டிஸ்கிலிருந்து படிப்பதற்கே கொஞ்ச நேரம் போகும். அப்புறம் மூன்று முறை ஓட்டி நடுவில் வரும் நேரத்தை எடுங்கள். வேலை குறைந்தது ஐந்து பத்து நிமிடமாவது நீடிக்கட்டும், அப்போதுதான் சூடு தன் வேலையைக் காட்டும். சினிபெஞ்ச் ஆர்23 இயல்பாகவே 10 நிமிடம் திரும்பத் திரும்ப ஓடுவதும் இதற்காகத்தான். தனியாக பெஞ்ச்மார்க் எதுவும் நிறுவ மனமில்லை என்றால், ஃபைல் சுருக்கும் சாஃப்ட்வேரான 7-ஜிப் ஏற்கெனவே இருந்தால் அதற்குள்ளேயே ஒன்று இருக்கிறது, ஃபைல் சுருக்கும் வேகத்தையும் விரிக்கும் வேகத்தையும் தனித்தனியாகக் காட்டும்.

கடையில் நிற்கிறீர்கள், எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால் பிரவுசர் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் என்ற சோதனையைத் திறந்து ஓட்டலாம், இப்போதுள்ள 3ஆம் பதிப்பை 2024-இல் ஆப்பிள், கூகுள், மொசில்லா எல்லாரும் சேர்ந்து வெளியிட்டார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது காட்டுவது வலைப்பக்கங்களில் அந்த லேப்டாப் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதை, அதாவது ஏறக்குறைய ஒரு கோரின் வேகத்தை. இரண்டு லேப்டாப்பிலும் ஒரே பிரவுசரில் ஓட்டுங்கள், சார்ஜர் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், காட்சிக்கு வைத்தவை பல நேரம் பேட்டரியில்தான் இருக்கும். ஓடி முடிவதற்குள் விற்பனையாளர் வந்து, 'சார், அது ஐ5, இது ஐ7' என்று சொன்னால், கடைசியில் இருக்கிற எழுத்து என்ன என்று கேளுங்கள்.